எத்தியோப்பியாவின் கிறிஸ்துமஸ் தாமதமாக வருவதில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், உலக நாடுகளில் கிறிஸ்து பிறப்பு விழா கொண்டாடப்படும் முறைகளைப் பற்றி வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். ஐரோப்பிய நாடுகளின் குளிர்காலச் சந்தைகளையும் தின்பண்டங்களையும் பற்றி விரிவாக எழுதியிருந்த கட்டுரையாளர், 54 நாடுகளைக் கொண்ட ஆப்பிரிக்கக் கண்டத்துக்கு ஒரே ஒரு பத்தியை ஒதுக்கியிருந்தார். அந்தப் பத்திக்குள்ளும் எத்தியோப்பியாவுக்குக் கிடைத்தது ஒரு வரிதான். அங்குள்ள மக்கள் 13 நாள் தாமதமாக, ஜனவரி 7 அன்று கிறிஸ்துமஸ் கொண்டாடுகிறார்கள் என்பது அந்த வரி. கோந்தார் நகரில் ஆசிரியப் பணி செய்து, அந்த மக்களோடு அந்த விழாவில் கலந்துகொள்ளும் பேறு பெற்றவன் என்ற முறையில், இதை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. அங்கே தாமதம் எதுவும் இல்லை என்பதையும், அந்த விழா ஐரோப்பாவிடமிருந்து வந்த ஒன்றின் நகல் அன்று என்பதையும் தங்கள் வாசகர்களுக்குச் சொல்ல இடம் தருமாறு வேண்டுகிறேன்.

முதலில் தேதி. எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் தெவாஹிதோ திருச்சபை, கிறிஸ்து பிறப்பை அந்நாட்டு நாள்காட்டியின் தாஹ்சாஸ் மாதம் 29ஆம் நாளிலும், லீப் ஆண்டை அடுத்து வரும் ஆண்டில் மட்டும் 28ஆம் நாளிலும் கொண்டாடுகிறது. விழாவை மக்கள் கென்னா என்று அழைக்கிறார்கள். 30 நாள் கொண்ட 12 மாதங்களும், 5 அல்லது 6 நாளே கொண்ட 13ஆவது மாதம் ஒன்றும் உடைய நாள்காட்டி அது. புத்தாண்டு செப்டம்பர் 11 அல்லது 12ஆம் தேதி பிறக்கிறது. ஆண்டுக் கணக்கும் நம்முடையதைவிட 7 அல்லது 8 ஆண்டு குறைவாக இருப்பதால், இரண்டாயிரமாவது ஆண்டின் பிறப்பை அவர்கள் 2007 செப்டம்பரில் கொண்டாடினார்கள். இந்த நாள்காட்டி பழைய ஜூலியன் கணக்கோடு சேர்ந்து நடப்பது. அந்தக் கணக்கின்படி தாஹ்சாஸ் 29 என்பது டிசம்பர் 25ஆம் தேதியேதான். 1582இல் போப் பதின்மூன்றாம் கிரகோரி நாள்காட்டியைத் திருத்தி 10 நாள்களை நீக்கினார். அதன்பின் 1700, 1800, 1900 ஆகிய மூன்று ஆண்டுகளும் பழைய கணக்கில் லீப் ஆண்டுகளாகவும் புதிய கணக்கில் சாதாரண ஆண்டுகளாகவும் அமைந்ததால், இரண்டுக்கும் இடைவெளி 13 நாளாயிற்று. 2100ஆம் ஆண்டில் இது 14 ஆகும். 2101இல் எத்தியோப்பியர்களின் கிறிஸ்துமஸ் நம் நாள்காட்டியில் ஜனவரி 8 அன்று வரும். இங்கிலாந்தே 1752இல்தான் புதிய கணக்குக்கு மாறியது. எகிப்தின் கோப்துத் திருச்சபையும் ரஷ்யத் திருச்சபையும் இதே ஜனவரி 7 அன்று கொண்டாடுவதற்கும் காரணம் இதுவே. எத்தியோப்பியர்கள் தங்கள் டிசம்பர் 25ஐ விட்டு அசையவே இல்லை. நாள்காட்டியை மாற்றிக்கொண்டவர்கள் மற்றவர்கள்.

கிறிஸ்தவம் அந்த நாட்டுக்கு ஐரோப்பியரின் ஆட்சியோடு போய்ச் சேர்ந்தது என்ற எண்ணமும் நம்மிடையே பரவலாக இருக்கிறது. ஆப்பிரிக்காவின் பல பகுதிகளுக்கு அது பொருந்தலாம், எத்தியோப்பியாவுக்குப் பொருந்தாது. 4ஆம் நூற்றாண்டில், நாட்டின் வடபகுதியில் அக்சும் நகரைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட எசானா மன்னர் கிறிஸ்தவத்தைத் தழுவினார். அவருடைய நாணயங்களே அதற்குச் சான்று. ஆட்சியின் தொடக்கத்தில் வெளியிடப்பட்ட காசுகளில் பிறையும் வட்டமும் இருக்கின்றன. பின்னாளில் வெளியிடப்பட்டவற்றில் அவை மறைந்து, அதே இடத்தில் சிலுவை வந்துவிட்டது. அரண்மனைக்குக் கிறிஸ்தவத்தைக் கொண்டு சேர்த்தவர், தீரு பட்டணத்தைச் சேர்ந்த புருமென்டியஸ். சிறு வயதில் கப்பலில் வந்து, செங்கடற்கரையில் உடன் வந்தவர்கள் கொல்லப்பட, உயிர் பிழைத்து அக்சும் அரசவையில் வளர்ந்தவர் அவர். பிற்காலத்தில் அலெக்சாந்திரியாவின் ஆயர் அத்தனாசியுஸ் அவரையே அந்த நாட்டுக்கு ஆயராக அபிஷேகம் செய்து அனுப்பினார். அதிலிருந்து, 1959இல் தனக்கென ஒரு பேட்ரியார்க்கை, அதாவது தலைமைப் பேராயரைப் பெறும்வரை, எத்தியோப்பியத் திருச்சபை எகிப்தின் கோப்துத் திருச்சபையோடு இணைந்தே இருந்தது. ரோமாபுரியில் டிசம்பர் 25 கிறிஸ்து பிறந்த நாளாகக் குறிக்கப்பட்டதற்குக் கிடைத்துள்ள மிகப் பழைய சான்று 336ஆம் ஆண்டைச் சேர்ந்தது. கான்டர்பரியின் முதல் பேராயரான அகஸ்டின் இங்கிலாந்தில் கால் வைத்தது 597இல். கீவ் நகர மக்கள் ஞானஸ்நானம் பெற்றது 988இல். அகஸ்டினுக்கும் கீவ் மக்களுக்கும் எசானா முற்பட்டவர். நமக்கு அருகிலும் இந்தத் திருச்சபைக் குடும்பத்துக்கு உறவு உண்டு. கேரளத்தின் மலங்கரை ஆர்த்தடாக்ஸ் சிரியன் திருச்சபையும் இதே மரபைச் சேர்ந்ததுதான். 1965இல் பேரரசர் ஹைலே செலாசி அடிஸ் அபாபாவில் கூட்டிய மாநாட்டில் எகிப்து, சிரியா, அர்மீனியா, எத்தியோப்பியா ஆகியவற்றின் திருச்சபைகளோடு மலங்கரைத் திருச்சபையும் சமமாக அமர்ந்தது.

இனி விழாவுக்கு வருகிறேன். அதை நோன்பிலிருந்துதான் தொடங்கிச் சொல்ல வேண்டும். நவம்பர் மாதம் 24 அல்லது 25ஆம் தேதி தொடங்கி, கிறிஸ்துமஸுக்கு முந்திய நாள் வரை ஆறு வாரங்களுக்கு மேல் தீர்க்கதரிசிகளின் நோன்பு அனுசரிக்கப்படுகிறது. இறைச்சி, பால், தயிர், நெய், முட்டை எதுவும் கிடையாது. பக்தி மிகுந்தவர்கள் பிற்பகல் வரை தண்ணீரும் அருந்தாமல் இருந்து, ஒரு வேளை மட்டும் உண்கிறார்கள். புதன், வெள்ளிக் கிழமைகளையும் மற்ற நோன்புக் காலங்களையும் சேர்த்தால், சாதாரண இல்லறத்தார்க்கே ஆண்டில் பாதி நாள் நோன்பாகிவிடும். குருமார்களுக்கும் துறவிகளுக்கும் அது 250 நாள் வரை போகும். இந்த ஒழுக்கம் அந்த நாட்டுச் சமையலையே உருவாக்கியிருக்கிறது. மைசூர்ப் பருப்பைக் காரமாகக் கொதிக்க வைத்த குழம்பு, கடலை மாவில் செய்யும் ஷிரோ, மஞ்சள் சேர்த்த முட்டைகோசும் உருளைக்கிழங்கும், கீரை, இவற்றையெல்லாம் ஒரே தட்டில் வைத்துத் தரும் நோன்புச் சாப்பாடு எந்தச் சிற்றூர்க் கடையிலும் கிடைக்கும். தாளிப்பதற்கு நெய்க்குப் பதில் பேயெள்ளின் எண்ணெயைப் பயன்படுத்துகிறார்கள். சைவ உணவுக்காரர்களான என் சக ஆசிரியர்கள் சிலர், அந்த நாட்டுக்கு வரும்வரை சாப்பாட்டை நினைத்துக் கவலைப்பட்டவர்கள்; வந்தபின், நோன்பு நாள்களில் எங்கே போனாலும் கவலையின்றி உண்டார்கள். அந்த ஆறு வாரங்களில் விழாவைப் பற்றிய பேச்சு வீடுகளில் அதிகம் இருக்காது. கடைவீதியில் அலங்காரம் இராது. பொழுது விடிவதற்கு முன் தேவாலயத்திலிருந்து ஒலிபெருக்கியில் வரும் ஜெபங்கள் மட்டும் நாளுக்கு நாள் நீண்டுகொண்டே போகும்.

ஜனவரி 6ஆம் தேதி மாலையில் ஊர் வெள்ளை உடுக்கத் தொடங்குகிறது. நெத்தலா என்பது கையால் நெய்த மெல்லிய பருத்திச் சால்வை. ஓரத்தில் வண்ணக் கரை ஓடும். ஆண்களும் பெண்களும் அதைப் போர்த்திக்கொண்டு, இருட்டியதும் கூட்டம் கூட்டமாகத் தேவாலயத்துக்கு நடக்கிறார்கள். கோந்தார் 2,000 மீட்டருக்கு மேல் உயரத்தில் உள்ள ஊர். ஜனவரி இரவில் குளிர் எலும்பைத் தொடும். செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். உட்கார இருக்கை கிடையாது. இரவு முழுவதும் நிற்க வேண்டும் என்பதால், தாடைக்குக் கீழே முட்டுக் கொடுத்துக்கொள்ளும்படி தலைப்பில் குறுக்குக் கட்டை வைத்த நீண்ட கோலை முதியவர்கள் ஊன்றிக்கொள்கிறார்கள்.

அந்த இரவின் உயிர் அதன் இசை. 6ஆம் நூற்றாண்டில் அக்சுமில் வாழ்ந்த புனித யாரெத் என்பவர் அமைத்தவை என்று மரபு கூறும் மூன்று பண்முறைகளில், கீயெஸ் மொழியில் பாடல்கள் பாடப்படுகின்றன. அந்த மொழியை வீட்டில் பேசுவோர் இன்று எவரும் இல்லை. வழிபாட்டில் அது வாழ்கிறது. தெப்தெரா எனப்படும் பாடகர்கள் பல ஆண்டுகள் குருகுலவாசம்போல் ஆசிரியரிடம் தங்கி, பாடல்களையும் அவற்றின் வரிகளுக்கு மேல் எழுதப்படும் இசைக் குறிகளையும் மனப்பாடமாகக் கற்றவர்கள். தலைப்பாகை கட்டி, வெள்ளை உடுத்து, இரண்டு வரிசையாக எதிரெதிரே நிற்கிறார்கள். ஒரு கையில் கோல், மறு கையில் வெள்ளியாலோ பித்தளையாலோ ஆன சிறு கிலுக்கு. முதலில் குரல் மட்டும். வெகுநேரம் கழித்துக் கோல்கள் ஒன்றாக உயர்ந்து தாழ்கின்றன. கிலுக்குகள் மெல்லச் சேர்கின்றன. அதன்பிறகே கெபெரோ என்ற பெரிய தோல் முரசு ஒலிக்கிறது. முரசைக் கழுத்தில் மாட்டியவர் இரு வரிசைக்கும் நடுவில் வந்து குனிந்தும் நிமிர்ந்தும் அடிக்க, தாளம் படிப்படியாக வேகம் எடுக்க, வரிசைகள் நின்ற இடத்திலேயே அசைய, பெண்கள் பக்கத்திலிருந்து குலவை எழுகிறது. நம் ஊர்ப் பெண்கள் போடும் அதே குலவைதான். நள்ளிரவுக்குப் பின் நற்கருணை வழிபாடு முடிந்து, ஏறக்குறைய 3 மணிக்கு மக்கள் வெளியே வரும்போது, பலரும் முந்திய நாளிலிருந்து ஒன்றும் உண்ணாதவர்கள். ஆனாலும் நான் பார்த்த முகங்களில் களைப்பு இல்லை.

இந்த வழிபாட்டை அதன் முழு அளவில் காண வேண்டுமானால் லாலிபெலாவுக்குப் போக வேண்டும். ஏறக்குறைய 2,500 மீட்டர் உயரத்தில், செந்நிற எரிமலைப் பாறையில், மேலிருந்து கீழாகக் குடைந்து செய்யப்பட்ட 11 தேவாலயங்கள் அங்கே இருக்கின்றன. 12ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஆண்ட சாக்வே வமிசத்து மன்னர் லாலிபெலாவின் பெயரை அந்த ஊரும் தாங்கியிருக்கிறது. கல்லை அடுக்கிக் கட்டிய சுவர் எதுவும் அங்கு இல்லை. பாறையைச் சுற்றிலும் ஆழமாக அகழ்ந்து, நடுவில் நின்ற பாறைத் துண்டுக்குள் கதவும் தூணும் வளைவும் சாளரமும் கூரையும் வெட்டியிருக்கிறார்கள். உலக மீட்பர் தேவாலயம் 33 மீட்டர் நீளமுடையது. புனித ஜார்ஜ் தேவாலயம் தனியே, சிலுவை வடிவில், ஏறக்குறைய 12 மீட்டர் ஆழக் குழிக்குள் நிற்கிறது. அருகில் போகும்வரை அங்கே ஒரு கட்டடம் இருப்பதே தெரியாது. இரண்டு தேவாலயத் தொகுதிகளுக்கு இடையே ஓடும் கால்வாய்க்கு யோர்தான் என்று பெயர். 1520களில் எத்தியோப்பியாவுக்கு வந்த போர்த்துகீசியக் குருவானவர் பிரான்சிஸ்கோ ஆல்வாரெஸ், இவற்றைப் பற்றி மேலும் எழுதினால் படிப்பவர்கள் நம்பமாட்டார்களே என்று அஞ்சி எழுதியிருக்கிறார். 1978இல் யுனெஸ்கோ தனது உலகப் பாரம்பரியப் பட்டியலைத் தொடங்கியபோது அதில் இடம்பெற்ற முதல் 12 இடங்களில் லாலிபெலாவும் ஒன்று.

கிறிஸ்துமஸுக்குப் பல நாள் முன்பிருந்தே யாத்திரிகர்கள் வரத் தொடங்குகிறார்கள். பேருந்தில் வருவோரும் விமானத்தில் வருவோரும் உண்டு. ஆனால் மலைக் கிராமங்களிலிருந்து நாள்கணக்கில் நடந்தே வருபவர்கள்தாம் அந்த விழாவின் உண்மையான விருந்தினர்கள். புழுதி படிந்த அவர்களுடைய பாதங்களை ஊர்க்காரர்கள் கழுவி வரவேற்கிறார்கள். விழா நாள் காலையில், மரியாள் தேவாலயத்தைச் சுற்றியுள்ள பாறைச் சுவரின் விளிம்பில் குருமார்களும் பாடகர்களும் வரிசையாக நிற்க, கீழே முற்றத்தில் வேறொரு வரிசை நிற்க, 'பெஸா குல்லு' என்று தொடங்கும் பாடல், உலகத்தின் மீட்பர் இன்று பிறந்தார் என்ற செய்தியோடு மேலும் கீழுமாக மாறி மாறி எழுகிறது. மேலே நிற்பவர்கள் வானதூதர்கள்; கீழே நிற்பவர்கள் மண்ணுலகத்தார். பெத்லகேம் வயல்வெளியில் மேய்ப்பர்களுக்குக் கேட்ட பாடலை நாடகமாக்கி மேடையில் காட்டும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. இங்கே மேடையும் பார்வையாளரும் தனித்தனியாக இல்லை. அடித்தட்டில் நிற்கும் உழவரும் பாடுகிறார். மன்னர் லாலிபெலா பிறந்ததும் இதே நாள் என்பது ஊரின் நம்பிக்கையாதலால், அவரையும் அன்று நினைவுகூர்கிறார்கள்.

கடந்த சில ஆண்டுகளில் அந்த ஊர் பட்ட துன்பத்தையும் சொல்லாமல் இருக்க முடியாது. 2021 ஆகஸ்டில், அரசை எதிர்த்துப் போரிட்ட திக்ராய் மாநிலப் படைகள் லாலிபெலாவைக் கைப்பற்றின. அவ்வாண்டு டிசம்பரில் ஊர் கைமாறிக் கைமாறி இறுதியில் அரசுப் படைகளிடம் வந்தது. சில வாரங்களில் வந்த கிறிஸ்துமஸுக்கு மின்சாரமும் வருமானமும் இல்லாமல் தவித்திருந்த அந்த ஊர் மீண்டும் யாத்திரிகர்களை ஏற்றுக்கொண்டது. 2023 முதல், லாலிபெலா அமைந்துள்ள அம்ஹாரா மாநிலத்தில் அரசுக்கும் ஃபானோ ஆயுதக் குழுக்களுக்கும் இடையே நடக்கும் சண்டை, சாலைப் பயணத்தையே ஆபத்தாக்கியிருக்கிறது. நடந்து வரும் எளிய மக்களே இதில் அதிகம் பாதிக்கப்படுகிறார்கள். நம் செய்தித்தாள்களில் எத்தியோப்பியா பெரும்பாலும் போராகவும் பஞ்சமாகவும் மட்டுமே வருகிறது என்பது எனக்கு நீண்ட நாளாக உள்ள மனக்குறை. போரைப் பற்றி எழுதத்தான் வேண்டும். அந்தப் போர் எதன் மேல் விழுகிறது என்பதையும் வாசகர் அறிய வேண்டும் அல்லவா?

வழிபாடு முடிந்த பிறகு விருந்து. இதற்கென்று வீடுகளில் முந்திய நாளே வேலை தொடங்கிவிடும். கோந்தாரில் நான் குடியிருந்த வீட்டு அம்மா தோரோ வட் என்ற கோழிக் குழம்பு வைப்பதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். கோழியின் எடைக்குக் குறையாத அளவு வெங்காயத்தைப் பொடியாக அரிந்து, எண்ணெயோ தண்ணீரோ இல்லாமல் மண்சட்டியில் போட்டு, சிறு தீயில் மணிக்கணக்காகக் கிளறுவார். வெங்காயம் கரைந்து பழுப்பாகக் குழைந்தபின் பெர்பெரே சேரும். மிளகாய், வெந்தயம், ஓமம், கருஞ்சீரகம், அந்நாட்டு ஏலம் முதலியவற்றைக் காயவைத்து வறுத்து அரைத்த பொடி அது. அதன் பிறகே, நோன்பு முழுவதும் ஒதுக்கி வைத்திருந்த வாசனை நெய் சட்டியில் இறங்கும். கோழியை 12 துண்டாக வெட்ட வேண்டும் என்பது மரபு. எலுமிச்சையும் உப்பும் இட்டு, நீர் தெளியும்வரை திரும்பத் திரும்பக் கழுவுவார்கள். 12 துண்டும் ஒழுங்காக வெட்டத் தெரிந்த பெண்ணைத்தான் சமையல் தெரிந்தவள் என்று பெரியவர்கள் ஒப்புக்கொள்வார்களாம். கடைசியில் அவித்த முட்டைகளைக் கீறிக் குழம்பில் போடுவார்கள். தரையில் பச்சைப் புல்லைப் பரப்பி, சாம்பிராணி புகைத்து, விளக்கு வெளிச்சத்தில் அந்தச் சட்டியைத் திறக்கும்போது, ஆறு வாரமாக நெய் வாசனையே அறியாதிருந்த வீடு மகிழ்வதைப் பார்த்தால்தான், நோன்பும் விருந்தும் ஒன்றையொன்று தாங்கி நிற்பது புரியும். விழா புதன்கிழமையிலோ வெள்ளிக்கிழமையிலோ வந்தால்கூட அன்று நோன்பு கிடையாது.

குழம்புக்குத் துணை இஞ்செரா. தெஃப் என்ற மிகச் சிறிய தானியத்தின் மாவைக் கரைத்து, இரண்டு மூன்று நாள் புளிக்க வைத்து, அகலமான மண் ஓட்டில் ஊற்றி மூடி வைத்து எடுப்பது. நம் ஆப்பத்தைப்போல் ஒரு பக்கம் மட்டுமே வேகும், மேற்பக்கம் முழுவதும் கண்கண்ணாக இருக்கும். ஏழை வீடுகளில் தெஃப்போடு கேழ்வரகையும் கலப்பார்கள். அந்தக் கேழ்வரகே கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலங்களில் முதலில் பயிராகி, பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நம் நாட்டுக்கு வந்த தானியம் என்பதை இங்கே குறிப்பிட விரும்புகிறேன். குடும்பம் முழுவதும் ஒரே பெரிய தட்டைச் சுற்றி அமர்ந்து கையால் உண்ணும். விருந்தினரின் வாயில் வீட்டார் தங்கள் கையாலேயே ஒரு பெரிய கவளத்தை ஊட்டுவார்கள். அதை மறுப்பது மரியாதை அன்று. தேனில் புளிக்க வைத்த தெஜ் பெரியவர்களுக்கு. பிறகு காப்பிக் கொட்டையை அங்கேயே வறுத்து, இடித்து, மண் கூஜாவில் காய்ச்சி, மூன்று சுற்றுத் தருவார்கள். மூன்றாவது சுற்றையும் குடித்துவிட்டுத்தான் எழ வேண்டும்.

இந்த விருந்தில் என் மனத்தை மிகவும் தொட்டது வேறொன்று. எத்தியோப்பியாவில் 2007ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் 43.5 விழுக்காடும், முஸ்லிம்கள் ஏறக்குறைய 34 விழுக்காடும், புராட்டஸ்டன்ட் பிரிவினர் 18.6 விழுக்காடும் இருக்கிறார்கள். கிறிஸ்தவர் அறுத்த இறைச்சியை முஸ்லிமும், முஸ்லிம் அறுத்ததைக் கிறிஸ்தவரும் உண்பதில்லை என்பது அங்கே இரு தரப்பாரும் விட்டுக்கொடுக்காத வழக்கம். ஆனாலும் அக்கம்பக்கத்தார் விழாவுக்கு வாழ்த்துச் சொல்ல வராமல் இருப்பதில்லை. அவர்களுக்கென்று தனியே ஒரு கோழியை வாங்கி, அவர்களையே அறுக்கச் சொல்லி, தனிச் சட்டியில் சமைக்கும் வீடுகளைக் கண்டிருக்கிறேன். அது இயலாதவர்கள் பருப்பும் கீரையுமாக நோன்புச் சாப்பாட்டைப் பரிமாறுவார்கள். ஈத் அன்று இதே ஏற்பாடு எதிர்ப்பக்கத்தில் நடக்கும். வேறுபாடு இருப்பதை மறைக்காமல், அதற்கு இடம் ஒதுக்கிக்கொண்டு ஒரே வீட்டில் விருந்துண்ணும் இந்தப் பழக்கத்தை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். நாட்டில் மதப் பூசல்கள் எழும் காலத்திலும் இதைக் கைவிடாத தெருக்கள் அங்கே உண்டு.

பிற்பகலில் விளையாட்டு. விழாவின் பெயரையே தாங்கிய கென்னா விளையாட்டில், நுனி வளைந்த கோல்களால் மரப்பந்தை அடித்து ஓடுகிறார்கள். கிறிஸ்து பிறந்த செய்தியைக் கேட்ட மேய்ப்பர்கள் மகிழ்ச்சியில் தங்கள் கோல்களால் ஆடிய ஆட்டம் இது என்பது அவர்கள் மரபு. ஊருக்கு ஊர் விதி மாறும். மைதானத்துக்கு எல்லைக்கோடு கிடையாது. கென்னா விளையாட்டில் எஜமானனும் கோபிக்கக்கூடாது என்று அவர்களிடம் ஒரு பழமொழி உண்டு. அன்று ஒரு நாள் வேலைக்காரன் அடித்த பந்து எஜமானன் காலில் பட்டாலும் வழக்கில்லை. நகரங்களில் இந்த ஆட்டம் அருகி வருகிறது.

அடிஸ் அபாபாவில் இப்போது பிளாஸ்டிக் மரங்களும், பஞ்சுத்தாடி வைத்த கிறிஸ்துமஸ் தாத்தாக்களும், பெரிய விடுதிகளின் வாசலில் வண்ண விளக்குகளும் பெருகியுள்ளன. இளம் குடும்பங்கள் பிள்ளைகளுக்குப் பரிசு வாங்குவதும் வழக்கமாகி வருகிறது; பழைய மரபில் பரிசுக்கு அவ்வளவு இடம் இல்லை. பிள்ளைகள் மகிழ்வதில் எனக்கு வருத்தம் இல்லை. வெளியிலிருந்து எழுதுபவர்கள் அந்த மரத்தையும் தாத்தாவையும் படம் பிடித்துப் போட்டுவிட்டு, எத்தியோப்பியாவும் இப்போது கிறிஸ்துமஸ் கொண்டாடத் தொடங்கிவிட்டது என்ற தொனியில் எழுதுவதுதான் வேதனை தருகிறது. 1,600 ஆண்டுகளுக்கு மேலாக ஒரு மக்கள் தங்கள் மொழியிலும் தங்கள் இசையிலும் தங்கள் தானியத்திலும் நடத்திவரும் விழாவுக்கு இது நியாயம் ஆகாது. தங்கள் கட்டுரையாளரை மட்டும் குறைகூற நான் வரவில்லை. உலகச் செய்தி நிறுவனங்கள் டிசம்பர் 25 அன்று அனுப்பும் படங்களையும் குறிப்புகளையும் கொண்டே நாம் பக்கங்களை நிரப்புகிறோம். ஜனவரி 7 அன்று அவர்கள் அனுப்பும் லாலிபெலாவின் படங்கள், நம் பக்கங்கள் வேறு செய்திகளால் நிறைந்துவிட்ட நேரத்தில் வந்து சேர்கின்றன.

எனவே தங்களிடம் எனக்கு இரண்டு வேண்டுகோள்கள். அடுத்த கிறிஸ்துமஸ் சிறப்பிதழில் ஆப்பிரிக்காவை ஒரே பத்தியாக எழுதாமல், ஏதேனும் ஒரு நாட்டை எடுத்து அதற்குரிய பெயர்களோடும் ஊர்களோடும் எழுதச் செய்யுங்கள். கானாவோ நைஜீரியாவோ காங்கோவோ, எதுவானாலும் சரி. ஒவ்வொன்றுக்கும் தனிக் கதை உண்டு. இரண்டாவது, இந்த ஜனவரியிலேயே செய்யக்கூடியது. கிறிஸ்துமஸ் முடிந்து 12ஆம் நாள், பெரும்பாலும் ஜனவரி 19 அன்று, எத்தியோப்பியர்கள் கிறிஸ்து ஞானஸ்நானம் பெற்றதை நினைவுகூரும் திம்கெத் விழாவைக் கொண்டாடுகிறார்கள். யுனெஸ்கோ 2019இல் அதை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. கோந்தாரில் 17ஆம் நூற்றாண்டு மன்னர் ஃபாசிலிதெஸின் பெயரால் விளங்கும் நீராட்டுக் குளத்தை அதற்காக நிரப்பி, விடியற்காலையில் ஆசீர்வதித்து, மக்கள் அதில் இறங்குவார்கள். உடன்படிக்கைப் பெட்டியின் சாயலான தாபோத்தைப் பட்டுத் துணியால் மூடி, குருமார் தலையில் சுமந்து, குடைகளின் நிழலில் ஊர்வலமாகக் கொண்டு வருவார்கள். அந்த நாளிலாவது ஒரு படத்தையும் அரைப் பக்கக் கட்டுரையையும் தாங்கள் வெளியிட்டால், ஊர்ப் பெயர்களையும் சொற்களையும் தமிழில் சரியாக எழுதுவதற்கும், வழிபாட்டு முறையை விளக்குவதற்கும் என்னால் ஆன உதவியைச் செய்யக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
பாளையங்கோட்டை.